மதுரையில் காலை ஷிஃப்ட் கிடைத்த முதலாண்டு மாணவர்களுக்கு

பிளஸ் டூ முடியும்வரை பெரும்பாலான வீடுகளில் எழுப்பிவிட ஆள் இருக்கும். அம்மா நாலு தடவை கூப்பிடுவார், ஐந்தாவது தடவை ஃபேனை நிறுத்திவிடுவார். ஹாஸ்டலுக்கோ வாடகை அறைக்கோ வந்துவிட்டால் ஃபேன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

மதுரையில் பல கலை அறிவியல் கல்லூரிகள் இரண்டு ஷிஃப்டாக நடக்கின்றன. காலை ஷிஃப்ட் என்றால் எட்டரை, ஒன்பது மணிக்கெல்லாம் முதல் வகுப்பு. தல்லாகுளத்திலும் செல்லூரிலும் வீடு இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து பஸ் ஏறி வருபவர்களுக்கு அது விடியற்காலை வகுப்புதான்.

ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஊரில் ஐந்து மணிக்கு எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போன பையன், மதுரை ஹாஸ்டலுக்கு வந்த சில வாரத்தில் எட்டு மணிக்கும் எழ முடியாமல் கிடப்பான். டவுனுக்குப் போய்ச் சோம்பேறியாகிவிட்டான் என்று வீட்டில் திட்டுவார்கள். ஊரில் அவன் ஒன்பது மணிக்குப் படுத்தான், இங்கே ஒரு மணிக்குப் படுக்கிறான், அவ்வளவுதான் நடந்தது. அதனால் காலை வகுப்பைப் பற்றிய இந்தக் கட்டுரையில் பாதி இரவைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் கணக்கு

எத்தனை மணிக்கு எழுவது என்று யோசித்து ஆரம்பிக்காதீர்கள். கல்லூரி மணி அடிக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். திருமங்கலத்திலிருந்து வரும் ஒரு மாணவியை வைத்துப் பார்ப்போம். வகுப்பு எட்டரைக்கு. எட்டு இருபதுக்கு கேட்டுக்குள் இருக்க வேண்டும். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டும், அதற்குக் காத்திருப்பையும் சேர்த்து அரை மணி. திருமங்கலத்திலிருந்து பெரியாருக்கு சுமார் 20 கிலோமீட்டர்தான் என்றாலும், காலை நெரிசலில் டவுன் பஸ் நின்று நின்று வர முக்கால் மணிக்கு மேல் ஆகும். ஆக ஏழு மணி பஸ்ஸில் ஏறியாக வேண்டும். ஸ்டாப்புக்கு ஆறு ஐம்பதுக்கு. குளித்து, சாப்பிட்டு, தலை பின்னி, பை எடுக்க ஐம்பது நிமிஷம். எழுந்ததும் மந்தமாக உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு ஒரு இருபது நிமிஷம். அப்படியானால் எழ வேண்டியது ஐந்து நாற்பதுக்கு.

அந்த இருபது நிமிஷத்தைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. விழித்த உடனே மூளை முழு வேகத்தில் ஓடாது, கால் மணியிலிருந்து அரை மணி வரை மப்பாகத்தான் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். அந்த நேரத்தை ஒதுக்காதவர்கள்தான் பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் பின்னால் ஓடுகிறார்கள்.

இன்னும் பின்னால் போங்கள். பதினெட்டு வயதுக்கு மேல் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். பதினேழு, பதினெட்டில் இருப்பவர்களுக்கு எட்டு இருந்தால் நல்லது. ஐந்து நாற்பதுக்கு எழ வேண்டிய பெண் பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். ஹாஸ்டலில் இருப்பவருக்கு பஸ் நேரம் மிச்சம், ஆறரைக்கு எழுந்தால் போதும், பதினொன்று வரை தாங்கும். உங்கள் கணக்கை ஒரு துண்டுத் தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். படுக்கும் நேரத்தை மட்டும் பெரிதாக எழுதினால் போதும், மற்றதெல்லாம் அதைத் தொடர்ந்து வந்துவிடும்.

வருகைப் பதிவு, டே ஆர்டர்

முதல் வாரத்திலேயே வகுப்பு டியூட்டரிடம் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். முதல் மணி நேரத்துக்குத் தாமதமாக வந்தால் அந்த மணி நேரம் மட்டும் போகுமா, அரை நாளே போகுமா? சில கல்லூரிகளில் அரை நாள் போய்விடும். அப்புறம், கேட் எத்தனை மணிக்கு மூடுவார்கள்?

செமஸ்டர் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் 22 நாள் வரை விடலாம். கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கும். வாரம் ஐந்து நாள் கல்லூரி என்றால் 90 நாள் என்பது பதினெட்டு வாரம். வாரத்துக்கு இரண்டு நாள் தாமதமாகப் போய் இரண்டு அரை நாளை இழந்தால் செமஸ்டர் முடிவில் 18 நாள் காலி. நடுவில் ஒரு காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்தால் தீர்ந்தது. 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பணம் கட்டித் தேர்வு எழுத விடுவது பல இடங்களில் உள்ள வழக்கம்தான். ஆனால் வேண்டுமென்று ஒரு நாள் கூட லீவு போடாமல், வெறும் பத்து நிமிஷத் தாமதங்களுக்காக அந்தப் பணத்தைக் கட்டும்போது வயிறு எரியும்.

டே ஆர்டர் புதிதாக வருபவர்களைக் குழப்பும். பல கல்லூரிகளில் கால அட்டவணை திங்கள், செவ்வாய் என்று இருக்காது. டே ஒன்று முதல் டே ஆறு வரை சுழலும். செவ்வாய் லீவு என்றால் அன்றைக்கு வர வேண்டிய டே ஆர்டர் புதன்கிழமைக்குப் போய்விடும். முதல் மணியில் நாளைக்கு என்ன பாடம், ரெக்கார்டு நோட்டு வேண்டுமா, லேப் கோட் வேண்டுமா என்பதை இரவே பார்த்துப் பையில் வைத்துவிட வேண்டும். காலையில் ஆறு மணிக்கு வகுப்பு குரூப்பில் 'டுடே என்ன டே ஆர்டர்?' என்று கேட்டுப் பதிலுக்காக உட்கார்ந்திருப்பவர்களுக்கு பஸ் போய்விடும்.

பஸ்

தேனி, உசிலம்பட்டிப் பக்கத்து பஸ்கள் ஆரப்பாளையத்தில் நிற்கும். மேலூர்ப் பக்கம் மாட்டுத்தாவணி. டவுன் பஸ்ஸுக்குப் பெரியார். நீங்கள் இறங்கும் இடமும் கல்லூரியும் ஒரே பக்கம் இருந்தால் அதிர்ஷ்டம். வைகையைத் தாண்ட வேண்டும் என்றால் கணக்கில் கூடுதலாகக் கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள். 1889-இல் திறந்த ஆல்பர்ட் விக்டர் பாலமும் அதை அடுத்த கோரிப்பாளையம் சந்திப்பும் எட்டு மணிக்கு எப்படி இருக்கும், எட்டே காலுக்கு எப்படி இருக்கும் என்பது ஒரு வாரம் போய் வந்தால் தெரிந்துவிடும். ஏழே முக்காலுக்குப் பாலம் ஏறியவர் சாவகாசமாக டீ குடித்துவிட்டு வகுப்புக்குப் போவார். எட்டேகாலுக்கு ஏறியவர் நடுப்பாலத்தில் இறங்கி நடப்பார்.

உங்கள் பாஸ் எந்த பஸ்ஸில் செல்லும் என்பதையும் பாருங்கள். அரசு கலைக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பாஸ் உண்டு. பெண்களுக்கு 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. வேகமாகப் போகும் மற்ற பஸ்களில் இந்தச் சலுகை செல்லாது. எனவே கணக்கில் சேர்க்க வேண்டியது உங்களுக்குச் செல்லுபடியாகும் பஸ்ஸின் நேரத்தைத்தான். அந்த பஸ் வராவிட்டால் அடுத்தது என்ன, அதற்கும் வழியில்லை என்றால் ஷேர் ஆட்டோ எங்கே கிடைக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். கிராமத்துக்கு வரும் டவுன் பஸ் என்றைக்காவது வராமல் போவது சகஜம். அப்படிப்பட்ட ஊர் என்றால் டியூட்டரிடம் முதல் வாரமே போய், "சார், எங்க ஊருக்குக் காலைல ஒரே பஸ்தான். அது வரலைன்னா அடுத்தது ஒரு மணி நேரம் கழிச்சுத்தான்" என்று சொல்லிவையுங்கள். தாமதமாக வந்து நின்று சொல்லும்போது சாக்காகத் தெரிவது, முன்கூட்டியே சொன்னால் தகவலாக இருக்கும்.

உட்கார இடம் கிடைத்தால் பஸ்ஸில் தூங்கலாம், தப்பே இல்லை. இருபது நிமிஷக் குட்டித் தூக்கம் முதல் வகுப்புக்கு நல்ல தெம்பு. பக்கத்தில் தெரிந்தவர் இருந்தால் எழுப்பச் சொல்லிவிடுங்கள். படிக்கட்டில் மட்டும் நிற்க வேண்டாம். "உள்ள போ தம்பி, உள்ள அவ்ளோ இடம் கெடக்கு" என்று கண்டக்டர் கத்தும்போது, தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்தான் முதலில் உள்ளே போக வேண்டும். தூக்கம் சரியில்லாத அன்றைக்கு பைக்கையும் தொடாதீர்கள்.

இரவு

பதினெட்டு, இருபது வயதில் ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்றால் அது கெட்ட பழக்கம் மட்டுமில்லை. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற ஹார்மோன் வளரிளம் பருவத்தில் வழக்கத்தைவிடத் தாமதமாகச் சுரக்க ஆரம்பிக்கும். இருபது வயதை ஒட்டி இந்தத் தாமதம் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லக் குறையும். எட்டு மணிக்கே கண்ணை மூடும் அப்பாவுக்கு இது புரியாது. உடம்பே பின்னுக்கு இழுக்கிறது, அதன்மேல் போன் வெளிச்சமும் மதுரையும் சேர்ந்துகொள்கின்றன.

மதுரை என்றால் இரவுச் சாப்பாடு. பதினொரு மணிக்கும் பரோட்டாக் கல் சூடாக இருக்கும், கறி தோசை கிடைக்கும், நாலு பேர் சேர்ந்து நடந்தால் நேரம் போவதே தெரியாது. இதை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? நானும் சொல்லமாட்டேன். வெள்ளி இரவுக்கோ சனி இரவுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் ராத்திரிச் சாப்பாட்டை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். பரோட்டாவும் சால்னாவும் இறங்கி அரை மணியில் படுத்தால் நெஞ்செரிச்சல் வரும், தூக்கம் துண்டு துண்டாகும், காலையில் எழுந்தால் அடித்துப் போட்டமாதிரி இருக்கும்.

டீ விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உடம்புக்குள் போன கஃபீனில் பாதி வெளியேற சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்த டீயில் பாதி பதினொன்றுக்கும் உள்ளே இருக்கும். நாலு மணியோடு டீ, காபியை நிறுத்திக்கொள்ளுங்கள். மாலையில் கூட்டத்தோடு நின்று எதையாவது குடித்தே ஆக வேண்டுமா, மதுரையில் பருத்திப்பால் இருக்கிறது. பருத்திக்கொட்டையிலிருந்து எடுத்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் போட்டுத் தள்ளுவண்டியில் விற்பார்கள். சூடாக இருக்கும், வயிறு நிறையும், தூக்கத்தைக் கெடுக்காது.

போனைத் தலைமாட்டில் வைக்காதீர்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள், யாரும் கேட்பதில்லை. காரணம், அலாரம் அதில்தான் இருக்கிறது. நூறு, இருநூறு ரூபாய்க்கு ஒரு மேஜைக் கடிகாரம் வாங்கிவிட்டால் அந்தச் சாக்கு போய்விடும். அல்லது போனைக் கைக்கு எட்டாத ப்ளக்கில், அறையின் அந்தப் பக்கம் சார்ஜ் போடுங்கள். இரவில் போனும் தள்ளி நிற்கும், காலையில் அலாரத்தை நிறுத்த எழுந்து நடந்தே ஆக வேண்டும். ஐ.பி.எல். மாதங்களில் இந்த ஏற்பாடு அடிக்கடி உடையும். ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் பதினொன்றைத் தாண்டித்தான் முடியும். எல்லா ஆட்டத்தையும் பார்க்காமல் உங்கள் அணி ஆடும் ஆட்டத்தை மட்டும் பாருங்கள். இது என் கருத்து, உங்கள் அணியைப் பொறுத்து அதுவும் தேவைப்படாமல் போகலாம்.

ஹாஸ்டல் மாணவர்களுக்கு ஒரு யோசனை: ராத்திரியே குளித்துவிடுங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு மாடிக்கு இரண்டு பாத்ரூம், வெளியே வரிசையாக வாளிகள், நடுவில் ஒருத்தர் உள்ளே போய்ப் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார். இரவு ஒன்பது மணிக்கு அங்கே ஒரு ஈ காக்கா இருக்காது. மதுரை வெயிலுக்கு மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் அந்நேரத்திலும் வெதுவெதுப்பாகத்தான் வரும். அதில் குளித்துவிட்டு வந்து ஃபேனடியில் உட்கார்ந்தால் உடம்பின் சூடு இறங்கும், தூக்கம் தானாக வரும். காலையில் முகம் கழுவிக் கிளம்பினால் கால் மணி மிச்சம்.

எழும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது

விடுமுறையில் ஒன்பது மணி வரை தூங்கியவர், கல்லூரி திறக்கும் அன்று திடீரென்று ஐந்து நாற்பதுக்கு எழலாம். ஒரு நாள் எழுவார், இரண்டு நாள் எழுவார், மூன்றாம் நாள் அலாரம் அடிப்பதே காதில் விழாது. இரண்டு நாளுக்கு ஒரு தடவை கால் மணி முன்னால் கொண்டுவாருங்கள். ஒன்பதிலிருந்து எட்டே முக்கால், எட்டரை என்று இறங்கிக்கொண்டே வரலாம். கல்லூரி திறக்க மூன்று வாரம் இருக்கும்போது ஆரம்பித்தால் ஆறரை வரை வந்துவிடும், ஐந்து நாற்பது வேண்டும் என்றால் இன்னும் ஒரு வாரம் முன்னதாக. ஏற்கெனவே வகுப்பு தொடங்கிவிட்டது என்றால் வேறு வழியில்லை, எழும் நேரத்தை இன்றே பிடியுங்கள். படுக்கும் நேரம் நாலைந்து நாளில் பின்னாலேயே வந்துவிடும். அதுவரை பகலில் கண் எரியும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரை தூங்குவதுதான் இதையெல்லாம் கவிழ்ப்பது. அன்று ராத்திரி தூக்கம் வராது, திங்கள் காலை எழ முடியாது. ஞாயிறன்று ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம், அதற்குமேல் வேண்டாம்.

எழுப்பிவிடும் ஒப்பந்தம்

அறைத் தோழரிடம் எழுப்பச் சொல்வது எல்லா ஹாஸ்டலிலும் நடக்கும், பெரும்பாலும் சண்டையில் முடியும்.

"மாப்ள, ஏன்டா என்னய எழுப்பல?"

"எழுப்புனேன்டா. 'இந்தா எந்திரிச்சுட்டேன்'னு கண்ணத் தொறந்து பேசுன. நான் குளிக்கப் போயிட்டேன்."

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அரைத் தூக்கத்தில் பேசியது நினைவில் இருக்காது. அதனால் எழுப்புபவர் வாய்ப் பதிலை நம்பிப் போகக் கூடாது. பாயைச் சுருட்டி மூலையில் வைக்கும்வரை நிற்க வேண்டும். பாய் சுருட்டியாகிவிட்டால் திரும்பப் படுக்க மனசு வராது. கட்டில் என்றால் போர்வையை மடிக்கச் சொல்லலாம், ஆனால் பாயளவுக்கு அது வேலை செய்வதில்லை.

ஸ்னூஸ் பொத்தானை மறந்துவிடுங்கள். ஒன்பது நிமிஷம் ஒன்பது நிமிஷமாகத் தூங்கும் தூக்கத்தில் ஓய்வும் கிடையாது, நேரமும் போய்விடும்.

எழுந்ததும் வெளிச்சத்துக்குப் போங்கள். மொட்டைமாடியோ வாசலோ, பத்து நிமிஷம் ஆகாய வெளிச்சம் கண்ணில் பட வேண்டும். உடம்புக் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளுவதில் காலை வெளிச்சத்துக்கு ஈடு எதுவும் இல்லை. ஜன்னல் மூடிய அறையில் டியூப்லைட் போட்டு உட்கார்ந்திருப்பது அந்த வேலையைச் செய்யாது. பல் தேய்ப்பதை மொட்டைமாடியில் வைத்துக்கொண்டாலே முடிந்தது.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். நாலு இட்லி போதும். மெஸ்ஸில் நெய் மிதக்கும் வெண்பொங்கல் போடும் நாளில் அளவோடு நிறுத்துங்கள், இரண்டாம் கரண்டிக்குப் பின் முதல் வகுப்பில் கண் சொருகும். மெஸ் திறக்கும் முன்பே கிளம்ப வேண்டியவர்கள் இரவே இரண்டு வாழைப்பழமும் கொஞ்சம் கடலையும் வாங்கி வைக்கலாம்.

மத்தியானம், மாலை வேலை

காலை ஷிஃப்ட் மத்தியானமே விட்டுவிடும். சாப்பிட்டுப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்தால் ராத்திரி ஒன்று வரை கொட்டக் கொட்ட விழித்திருக்க வேண்டியதுதான். மூன்று மணிக்குள், அரை மணிக்கு மேல் போகாமல் தூங்கி எழுங்கள்.

இதற்கு விதிவிலக்கு வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். காலை ஷிஃப்டைக் கேட்டு வாங்குபவர்களில் நிறையப் பேர் மாலையில் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைக்குப் போகிறார்கள், சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறார்கள். அறைக்குத் திரும்பப் பதினொன்றரை. அவர்களிடம் போய்ப் பத்து மணிக்குப் படு என்று சொல்வதில் அர்த்தமில்லை. தூக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஐந்தரை மணி நேரம், வகுப்பு விட்டு வந்ததும் ஒன்றரை மணி நேரம், அதன்பின் வேலை. இரண்டுக்கும் தினமும் ஒரே நேரம் இருக்க வேண்டும், அப்போதுதான் உடம்பு பழகும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஜவுளிக்கடை நள்ளிரவு தாண்டும், அதே சமயத்தில் செமஸ்டர் தேர்வும் நெருங்கும். அந்த நாட்களுக்கு நேரம் குறைக்க முடியுமா என்று முதலாளியிடம் ஆயுத பூஜைக்கு முன்பே பேசுங்கள். கூட்டம் ஏறிய பிறகு யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

மூன்று, நாலு வாரம் ஒழுங்காகத் தூங்கியும் பகலெல்லாம் அசத்துகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டுக் குறைவு இரண்டுமே இப்படி அசத்தும், சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மருந்துக்கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்குகிற வேலை மட்டும் வேண்டாம்.

மார்கழியும் தையும்

முதல் செமஸ்டர் தொடங்கும் ஜூன், ஜூலையில் மதுரையில் ஆறு மணியை ஒட்டி விடிந்துவிடும், எழுவது சுலபம். டிசம்பர் விடுமுறை முடிந்து இரண்டாம் செமஸ்டருக்கு வரும்போது நிலைமை வேறு. ஜனவரி கடைசியில் சூரியன் வர ஆறரை தாண்டிவிடும். ஜூலையில் வெளிச்சத்தில் எழுந்தவர் தையில் அதே ஐந்து நாற்பதுக்கு இருட்டில் எழ வேண்டும், கூடவே குளிர். பழகிவிட்டது என்று நினைத்தவர்கள் வழுக்குவது இங்கேதான். மார்கழியில் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி விடியுமுன் எழுப்பிவிடும், தை பிறந்ததும் அதுவும் நின்றுவிடும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் ஜல்லிக்கட்டு பார்த்துவிட்டுத் திரும்பும் வாரத்துக்குக் கூடுதலாக ஒரு அலாரம் வையுங்கள். எழுந்ததும் அறையில் எல்லா விளக்கையும் போடுங்கள். ஆகாய வெளிச்சத்தை பஸ் ஸ்டாப்பில் வாங்கிக்கொள்ளலாம். இருட்டில் ஸ்டாப்புக்கு நடக்க வேண்டிய பெண்கள் அதே பஸ்ஸுக்கு வரும் இன்னொருவரோடு சேர்ந்து கிளம்பும்படி நேரத்தை ஒத்துப் பேசிக்கொள்ளுங்கள்.

சித்திரைத் திருவிழா செமஸ்டர் தேர்வை ஒட்டித்தான் வரும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு முன்னும் பின்னும் பாலங்களிலும் தல்லாகுளம் பக்கமும் பஸ்களைத் திருப்பிவிடுவார்கள். அந்த வாரத்தில் தேர்வு இருந்தால் எந்தச் சாலை மூடியிருக்கும் என்பதை முந்தின நாள் செய்தித்தாளில் பார்த்துவிட்டு, வழக்கமான பஸ்ஸுக்கு இரண்டு பஸ் முன்னால் ஏறுங்கள்.